வண்ணக் கோடு போதாது: ஹைட்ரோவக் ட்றக்கை வாடகைக்கு அமர்த்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2003 ஏப்ரல் 24 அன்று ரொறன்ரோவின் மேற்குப் புறமான எற்றோபிக்கோவில், புளோர் வீதியைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெக்கோவின் வாளி மண்ணுக்குள் கிடந்த எரிவாயுக் குழாயில் மாட்டியது. கசிந்த வாயு பக்கத்திலிருந்த சிறு கடைத்தொகுதியின் நிலவறைக்குள் புகுந்து தேங்கி வெடித்தது. 7 பேர் இறந்தார்கள். குழாய் எங்கே இருக்கிறது என்பதைத் தோண்டியவர்கள் முன்கூட்டியே கண்ணால் பார்த்திருந்தால் நடந்திராத விபத்து அது.

அதன் பிறகு ஒன்ராறியோவில் சட்டமும் வேலைப் பழக்கமும் மெல்ல மாறின. நிலத்துக்குள் குழாயோ கேபிளோ வைத்திருப்போர் ‘ஒன்ராறியோ வன் கோல்’ அமைப்பில் சேர வேண்டும் என்று 2012இல் ஒரு சட்டம் வந்தது. வீதியோரங்களில் இன்னொரு காட்சியும் பழகிப்போனது. பின்னால் பெரிய உருளைத் தொட்டி, அதன் மேலிருந்து யானைத் தும்பிக்கைபோல் வளைந்து இறங்கும் தடித்த குழாய், காதை அடைக்கும் உறிஞ்சல் இரைச்சல், பக்கத்தில் இரண்டே ஆட்கள். ஒருவர் கையில் தண்ணீரைப் பீய்ச்சும் நீண்ட கம்பி. இத்தனை ஆரவாரத்துக்கும் அவர்கள் தோண்டும் குழி ஓரடி அகலம்தான் இருக்கும். தண்ணீரால் மண்ணை இளக்கி, அந்தச் சேற்றை உறிஞ்சி எடுத்துத் தோண்டும் அந்த வாகனம்தான் ஹைட்ரோவக் ட்றக்.

வேலிக்காலுக்கோ வீட்டின் புதிய தண்ணீர் இணைப்புக்கோ தோண்டப்போகும் சிறிய ஒப்பந்தகாரருக்கு இது வீண் செலவாகத் தெரியும். மணிக்குச் சில நூறு டொலர் வாங்கும் வாகனம் அரை நாள் நின்றால், சின்ன வேலையின் லாபம் பெரும்பகுதி கரைந்துவிடும். அவர் கணக்கு பிழையல்ல. ஆனால் அந்தக் காசுக்கு அவர் வாங்குவது ஒரு குழியை மட்டும் அல்ல. குழாய் இந்த இடத்தில், இந்த ஆழத்தில் இருக்கிறது என்ற நிச்சயத்தையும் சேர்த்துத்தான். மண்ணை அகற்றிக் குழாயைக் கண்ணால் பார்க்காமல் அதை முழுதாகப் பெற முடியாது. ட்றக்கை அமர்த்திவிட்டால் மட்டும் அந்த நிச்சயம் தானாக வந்துவிடாது என்பதும் உண்மை. இரண்டையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடு சொல்வதும் சொல்லாததும்

ஒன்ராறியோவில் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை ‘லொக்கேற்’ கேட்பது, அதாவது நிலத்தடிக் குழாய், கேபிள் போன்ற சேவைகளின் இடத்தை நிலத்தில் அடையாளமிடச் சொல்வது. வன் கோலுக்கு விண்ணப்பித்தால், அந்த இடத்தில் சேவை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது தகவலை அனுப்பும். வழமையான விண்ணப்பத்துக்கு 5 வேலை நாட்கள் அவகாசம். அடையாளமிடுபவர்கள் வந்து நிலத்தில் வண்ணம் அடித்து, சிறு கொடிகள் நட்டு, வரைபடத்துடன் ஒரு தாளும் தருவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, செம்மஞ்சள் தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். கட்டட வேலைத்தளங்களுக்கான 213/91 இலக்க ஒழுங்குவிதியும், தோண்டத் தொடங்குமுன் சேவைகளைக் கண்டறிந்து அடையாளமிடச் செய்யும் பொறுப்பை வேலை வழங்குநர் மீதே சுமத்துகிறது.

இந்தக் கோட்டை நம்பலாமா? ஓரளவுக்கு நம்பலாம். அந்த அளவு எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

அடையாளமிடுபவர் மண்ணுக்குள் பார்ப்பதில்லை. உலோகக் குழாயிலோ கேபிளிலோ ஒரு மின்காந்த அலையை ஏற்றி, அது மேலே எங்கே வலுவாகக் கேட்கிறது என்று கருவியால் தேடுகிறார். குழாய் தனியாக, நேராக ஓடினால் பதில் நன்றாகவே இருக்கும். பக்கத்தில் வேறு கேபிள்கள் ஓடினால் அலை அவற்றுக்குத் தாவும். கருவி தவறான இடத்தைக் காட்டும். பிளாஸ்ரிக் குழாயில் அலை ஓடாது. அதனால்தான் இன்றைய எரிவாயுக் குழாய்களோடு சேர்த்து மெல்லிய செப்புக் கம்பி ஒன்றைப் புதைக்கிறார்கள். அந்தக் கம்பி எங்காவது அறுந்துபோயிருந்தால் அதற்கப்பால் கருவிக்கு எதுவும் தெரியாது. நிலத்துக்குள் ரேடார் அலை அனுப்பிப் பார்க்கும் கருவியும் உண்டு. ஈரக் களிமண்ணில் அதன் அலை சீக்கிரமே அடங்கிப்போகும். ரொறன்ரோப் பகுதியின் மண்ணில் களிமண்ணுக்குக் குறைவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆழம். நிலத்தில் அடித்த கோடு இடமா வலமா என்று சொல்கிறதே தவிர, எத்தனை அடி கீழே என்று சொல்வதில்லை. கருவி காட்டும் ஆழத்துக்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை. குழாய் புதைத்த காலத்துக்குப் பிறகு வீதியைத் தாழ்த்தியிருப்பார்கள், முற்றத்தை உயர்த்தியிருப்பார்கள். பழைய வரைபடத்தின் ஆழம் அப்போதே பொய்த்துவிடும்.

ஆகவேதான் கோட்டின் இரு பக்கமும் 1 மீற்றருக்குள் எந்திரத்தால் தோண்டக் கூடாது என்று ஒன்ராறியோவின் லொக்கேற் தாள்கள் நிபந்தனை போடுகின்றன. அந்த எல்லைக்குள் கையால் தோண்டிக் குழாயைக் கண்ணால் கண்டுகொள்ள வேண்டும், அல்லது ஹைட்ரோவக் போன்ற முறையால் வெளிப்படுத்த வேண்டும். மாகாணங்களைக் கடந்து செல்லும் பெரிய எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு விதி இன்னும் இறுக்கம். அவை கனடா எரிசக்தி ஒழுங்காணையத்தின் கீழ் வருபவை. அவற்றிலிருந்து 30 மீற்றருக்குள் மண்ணைக் கிளறவே குழாய் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 3 மீற்றருக்குள் எந்திரம் வைப்பதற்குத் தனியான நிபந்தனைகள் உண்டு.

கோட்டை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் வால்நட் கிறீக் விபத்தைச் சொல்ல வேண்டும். 2004 நவம்பர் 9 அன்று அங்கே பெருங்குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருந்த எந்திரம் பெற்றோல் குழாயைக் குத்தியது. தீயில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடையாளம் இடப்பட்டிருந்தது. ஆனால் குழாய் அந்த இடத்தில் ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போனது. அந்த வளைவு அடையாளத்தில் இல்லை. எந்திரம் தோண்டப்போகும் அந்த இடத்திலேயே, குழாயைக் கண்ணால் காண ஒரு சோதனைக் குழி போட்டிருந்தால் வளைவு தெரிந்திருக்கும்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. வன் கோல் மூலம் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டின் எரிவாயு, மின்சாரப் பாவனையை அளக்கும் மீற்றர் கருவி வரைக்குமே அடையாளமிடுவார்கள். மீற்றருக்கு அப்பால் வீட்டுக்காரர் சொந்தமாகப் போட்ட எரிவாயு இணைப்பு, தனிக் கராஜுக்குப் போகும் மின்கம்பி, நீச்சல் குளத்தின் சூடாக்கிக்கான குழாய், தோட்ட விளக்குக் கம்பி எல்லாம் தனியார் சொத்து. அவற்றைக் கண்டறியத் தனியாகக் காசு கொடுத்து ஆளை அழைக்க வேண்டும். கொடிகள் நட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று பின்முற்றத்தில் தோண்டத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி அறுப்பது இந்தத் தனியார் கம்பிகளைத்தான்.

பொறியியலாளர்கள் இந்த நிச்சயமின்மையை நான்கு தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் 38ஆம் இலக்கத் தரநிர்ணயத்தில் ‘டி’ என்பது பழைய பதிவேட்டை மட்டும் பார்ப்பது. ‘சி’ நிலத்துக்கு மேலே தெரியும் மூடிகளையும் வால்வுகளையும் அளந்து ஒப்பிடுவது. ‘பி’ கருவி வைத்துத் தேடுவது. ‘ஏ’ தரம் கிடைக்க ஒரே வழிதான்: மேலுள்ள மண்ணை அகற்றிக் குழாயைக் கண்ணால் பார்த்து அளப்பது. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 1999இல் பேர்டியூ பல்கலைக்கழகம் 71 வீதித் திட்டங்களை ஆராய்ந்தது. நிலத்தடிச் சேவைகளை முறைப்படி ஆராயச் செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 4.62 டொலர் மிச்சமானதாக அது கணித்தது. இந்தக் கணக்கு ஹைட்ரோவக் ட்றக்குக்கு மட்டும் உரியதல்ல, தேடல் முழுவதற்கும் உரியது. ஆனாலும் அந்தத் தேடலின் கடைசிப் படியைச் செய்து முடிக்கும் வேலை பெரும்பாலும் இந்த ட்றக்குக்கே வருகிறது.

தண்ணீரும் உறிஞ்சலும்

ஹைட்ரோவக் வளர்ந்தது கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து எண்ணெய் வயல்களில். அங்கே குளிர்காலத்தில் நிலம் ஆழம்வரை உறைந்து பாறையாகிவிடும். மண்வெட்டி இறங்காது. எந்திர வாளியால் உடைத்தால் கீழே இருக்கும் குழாயும் சேர்ந்து உடையும். சூடாக்கிய தண்ணீரைப் பீய்ச்சி உறைமண்ணை இளக்கி, அந்தச் சேற்றை உறிஞ்சி எடுக்கும் வழி அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இன்றும் அல்பேர்ட்டாவின் ரெட் டியர் நகரம் இந்த ட்றக்குகள் தயாராகும் முக்கிய இடம்.

வேலை செய்யும் விதம் எளிது. ட்றக்கில் ஒரு நன்னீர்த் தொட்டி, தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலன், உயரழுத்தப் பம்ப், காற்றை இழுக்கும் பெரிய புளோவர், சேறு சேரும் தொட்டி. பெரிய ட்றக்கில் 4000 முதல் 6000 லீற்றர் வரை நன்னீரும், 9 அல்லது 10 கன மீற்றர் சேறும் கொள்ளும். ஒருவர் நீர்க் கம்பியால் மண்ணை வெட்டிக்கொண்டே போக, மற்றவர் உறிஞ்சு குழாயைத் தொலைக் கட்டுப்பாட்டால் நகர்த்துவார். மண் துகள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து அவற்றின் பிடியைக் குலைக்கிறது. குழாயின் வழவழப்பான மேற்பரப்பில் அப்படிப் புகுவதற்கு இடமில்லை. இரும்பு வாளியின் பல் மண்ணையும் குழாயையும் வேறுபடுத்தாது. தண்ணீர் ஓரளவு வேறுபடுத்தும்.

ஓரளவுதான். ஹைட்ரோவக் என்றாலே சேதமே வராது என்ற நம்பிக்கை விற்பவர்களிடமும் இருக்கிறது, வாங்குபவர்களிடமும் இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. உயரழுத்த நீர் ஒரே புள்ளியில் நின்றால் கேபிளின் உறையை வெட்டும். பழைய குழாயின் மேற்பூச்சைக் கழற்றும், பிளாஸ்ரிக் குழாயில் காயம் உண்டாக்கும். ஒன்ராறியோவில் எரிவாயுக் குழாயை அண்டித் தோண்டுவதற்கான நெறிகள் இதனால்தான் இவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன. நீர் பீய்ச்சும் முனையான நொஸில், சுழலும் நுனியுள்ளதாகவே இருக்க வேண்டும். அழுத்தம் எப்போதும் 2500 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அலகு) தாண்டக் கூடாது. குழாய்க்கு 45 சென்ரிமீற்றர் கிட்டப் போனதும் 1500 பிஎஸ்ஐக்கு இறக்க வேண்டும். நொஸிலுக்கும் குழாய்க்கும் இடையே 20 சென்ரிமீற்றர் இடைவெளி. கம்பி ஓரிடத்தில் அசையாமல் நிற்கக் கூடாது. குழாய்க்கு மேலே இருக்கும் மண்ணுக்குள் நொஸிலைச் செருகக் கூடாது. தண்ணீரைச் சூடாக்கினால் 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி எண்கள் இருக்கலாம். நீங்கள் தோண்டும் இடத்துக் குழாயின் சொந்தக்காரர் சொல்லும் எண்ணே உங்களுக்குரியது.

மேற்பூச்சுக் காயத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும்? காயம்பட்ட குழாய் அன்றைக்கே கசிய வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெலிங்ஹாம் நகரில் 1999 ஜூன் 10 அன்று பெற்றோல் குழாய் வெடித்து, ஓடைக்குள் பாய்ந்த எரிபொருள் தீப்பற்றியதில் இரண்டு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்தார்கள். அந்தக் குழாய்க்கு அடிபட்டது 1994இல், அருகே நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த தோண்டல் வேலையின்போது. அது எந்திரத்தால் வந்த காயம், தண்ணீரால் அல்ல. ஆனால் பாடம் எல்லா முறைக்கும் பொருந்தும்: தட்டுப்பட்டதை மறைத்து மூடினால், ஆண்டுகள் கழித்து வேறு யாரோ அதற்கு உயிரைக் கொடுக்க நேரும். குழாயில் சிறு கீறல் விழுந்தாலும் உரிய நிறுவனத்தை அழைத்துச் சொல்லும் இயக்குநரே நல்ல இயக்குநர். அப்படி அழைப்பதற்காக அவரைக் கடிந்துகொள்ளாத மேற்பார்வையாளரும் வேண்டும்.

மின்கேபிள் இருக்கும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. ஈரமண், உலோகக் கம்பி, கையில் பிடித்திருக்கும் மனிதர் என்று மின்சாரத்துக்கு நேரான பாதை அங்கே அமைந்துவிடுகிறது. அதனால் ட்றக்கோடு இணைத்த உலோகப் பாயின் மீது நின்றே நீர்க் கம்பியைப் பிடிக்க வேண்டும். மின்காப்புள்ள காலணி அணிய வேண்டும். அந்தப் பாயை ட்றக்கிலிருந்து இறக்காமலே வேலை தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். உறிஞ்சு குழாயைத் தூக்கும் பூம் மின்கம்பிக்கு அருகே போகக் கூடாது. 750 முதல் 1,50,000 வோல்ற் வரையான மேல்கம்பிகளிலிருந்து ஆகக் குறைந்தது 3 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. கீழே இருப்பதைத் தேடிக்கொண்டிருக்கும்போது மேலே இருப்பதை மறப்பது எளிது.

மணிக்கணக்குக்குள் என்ன இருக்கிறது

வாடகைக்கு வருவோம். ட்றக், ஓட்டி இயக்குபவர், உதவியாள் மூன்றும் சேர்ந்தே வரும். தனியே வாகனத்தை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவது வழக்கம் அல்ல, அப்படிச் செய்யவும் கூடாது. கட்டணம் பெரும்பாலும் மணிக்கணக்கு. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதில்தான் சச்சரவு பிறக்கிறது. பலர் தங்கள் முற்றத்திலிருந்து கிளம்பும் நேரம் தொடங்கி அங்கே திரும்பும் நேரம் வரை கணக்கிடுவார்கள். ஒரு வேலைக்கு ஆகக் குறைந்தது இத்தனை மணிநேரம் என்ற நிபந்தனையும் இருக்கும். காலை நேரத்து 401 நெடுஞ்சாலை நெரிசலில் ட்றக் நிற்கும் நேரத்துக்கும் நீங்களே பணம் கட்டுகிறீர்கள். மலிவான மணிக்கட்டணத்தோடு தூரத்திலிருந்து வரும் ட்றக்கைவிட, சற்றுக் கூடிய கட்டணத்தோடு பக்கத்திலிருந்து வருவது பல நேரம் குறைவாக முடியும்.

அடுத்தது சேறு. தோண்டியதில் வருவது மண்ணும் தண்ணீரும் கலந்த கூழ். ஒன்ராறியோவின் 406/19 இலக்க மேலதிக மண் ஒழுங்குவிதி, இப்படி நீர் தளும்பும் மண்ணைச் சாதாரண மண்ணாகப் பார்ப்பதில்லை, கழிவாக நடத்துகிறது. அதை வீதியோர மழைநீர்க் குழிக்குள் விடவோ, தெரிந்தவரின் காணியில் கொட்டவோ முடியாது. ஏற்க அனுமதி பெற்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே கட்டணம் உண்டு. பழைய பெற்றோல் நிலையத்துக்கு அருகே தோண்டினால் மண்ணில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும். பரிசோதனை, தனியான கொட்டுமிடம் என்று செலவு பல மடங்காகும். சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலை ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்கச் சொல்வது: சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? பதில் தடுமாறினால் அந்த விலையை மறந்துவிடுங்கள். சட்டவிரோதமாகக் கொட்டிய மண் பிறகு உங்கள் வேலைத்தளத்தின் பெயரோடு திரும்பி வரும்.

எடையும் ஒரு விடயம். ஈரமண் கனம் கூடியது. பெரும்பாலான ட்றக்குகளில் சேற்றுத் தொட்டி நிரம்புவதற்கு முன்பே வீதிச் சட்டம் அனுமதிக்கும் எடை வந்துவிடும். அதாவது 10 கன மீற்றர் தொட்டி என்று விளம்பரத்தில் இருந்தாலும், அது முழுவதையும் ஒரே நடையில் ஏற்ற முடியும் என்று கணக்குப் போடக் கூடாது. வசந்த காலத்தில் உறைமண் இளகும் வாரங்களில் கிராமப்புற வீதிகள் பலவற்றில் எடை வரம்பை இன்னும் குறைப்பார்கள். ட்றக் நிற்கப்போகும் இடத்தையும் பாருங்கள். இன்ரர்லொக் கல் பதித்த முற்றத்தில் இத்தனை கனமான வாகனத்தை ஏற்றினால், தோண்டிய செலவைவிடக் கல் பதிக்கும் செலவு கூடிவிடும். நீளமான உறிஞ்சு குழாய்களை இணைத்து, ட்றக்கை வீதியில் நிறுத்தியே வீட்டின் பின்புறம் வரை தோண்ட முடியும். தூரம் கூடக்கூட உறிஞ்சும் வேகம் குறையும், மணிக்கணக்கு நீளும். அதைப் பேசும்போதே சொல்லி வைத்தால் பிறகு மனக்கசப்பு இராது.

தண்ணீர் எங்கிருந்து வரும்? நகரத்தின் தீயணைப்புக் குழாயில் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. குளிர்காலத்தில் கொதிகலன் வேலை செய்கிறதா? வீதியை மறிக்க வேண்டியிருந்தால் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு யார் பொறுப்பு? வீதியை வெட்ட நகரசபை அனுமதி யார் பெயரில்? காப்புறுதிப் பத்திரமும், ஒன்ராறியோவின் வேலைத்தளக் காப்புறுதிச் சபையான டபிள்யூஎஸ்ஐபி தரும் கிளியரன்ஸ் சான்றும் கையில் இருக்கின்றனவா? இவையெல்லாம் ட்றக் வந்து நின்ற பிறகு கேட்கும் கேள்விகள் அல்ல. லொக்கேற் தாள் இல்லை என்பதற்காக ட்றக் வேலை செய்யாமல் திரும்பிப்போனாலும் ஆகக் குறைந்த கட்டணம் உங்களிடம் வசூலாகும். லொக்கேற் தாளில் காலாவதித் திகதி ஒன்றும் உண்டு. ட்றக்கைப் பதிவு செய்யும் நாளில் அந்தத் திகதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தாள் இல்லாமலே தோண்டிவிடலாம், இது தண்ணீர்தானே என்று சொல்லும் இயக்குநரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

இயக்குபவரின் அனுபவம்தான் நீங்கள் வாங்கும் பொருளில் பெறுமதி மிக்கது. அதை மணிக்கட்டண அட்டையில் பார்க்க முடியாது. எரிவாயுக் குழாய்க்கு அருகே என்ன அழுத்தம் வைப்பீர்கள், நொஸில் எந்த வகை, பிழைபட்டால் யாரை அழைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல அனுபவசாலி உடனே, எண்ணோடு பதில் சொல்வார். அவர் உங்களிடமும் கேள்வி கேட்பார்: லொக்கேற் தாள் எங்கே, தனியார் கம்பிகள் இருக்கின்றனவா, பழைய கிணறு ஏதும் உண்டா? அப்படிக் கேட்பவரை விட்டுவிடாதீர்கள்.

எல்லா இடத்துக்கும் ஹைட்ரோவக் அல்ல

இரண்டு வேலிக்கால், மெல்லிய மண், கோடு தூரத்தில் இருக்கிறது என்றால் மண்வெட்டியே போதும். அப்போதும் கோட்டுக்கு அருகே கூரான அலவாங்கைக் குத்தாமல் பக்கவாட்டில் பதமாக வெட்டி வர வேண்டும். சிறு குழிகளுக்கு ட்ரெய்லரில் இழுத்து வரும் சிறிய உறிஞ்சு எந்திரமும் கிடைக்கிறது.

தண்ணீருக்குப் பதில் அழுத்திய காற்றால் மண்ணை உடைக்கும் முறையும் உண்டு. காற்று மின்சாரத்தைக் கடத்தாது. மர வேர்களைப் பெரிதாகக் காயப்படுத்தாது. எடுத்த மண் உலர்ந்தே இருப்பதால் அதைக் கொண்டே குழியை மூடலாம், சேறு கொட்டும் செலவு மிச்சம். மணல் நிலத்தில் அருமையாக வேலை செய்யும். இறுகிய களியிலும் உறைமண்ணிலும் மிக மெதுவாகிவிடும். ரொறன்ரோவைச் சுற்றிய நிலம் பனியாறுகள் விட்டுச்சென்ற களியும் கல்லும் கலந்த படிவு என்பதால், இங்கே தண்ணீர் முறைக்கே வேலை அதிகம். பெரிய கற்கள் நிறைந்த இடத்தில் எந்த உறிஞ்சு குழாயும் அடைபடும்.

கட்டட அத்திவாரத்துக்கு அருகே நிறையத் தண்ணீர் விடுவதில் பொறியியலாளரின் ஆலோசனை வேண்டும். பழைய வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாயை நீளத்துக்கு வெளிப்படுத்தும்போதும் கவனம் தேவை. மண் தாங்கிக்கொண்டிருந்த குழாயின் கீழிருந்து மண்ணை எடுத்துவிட்டு அதை அந்தரத்தில் விட்டால், வாளி தொடாமலே அது முறியும். தாங்கு கட்டை கொடுத்தே மேலே போக வேண்டும்.

ஒரு கோணத்தில் இந்த வாகனத்தின் மிகப் பெரிய நன்மை எவரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்பதுதான். ஒன்ராறியோவில் 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழிக்குள் தொழிலாளி இறங்குவதானால், பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக்கொடுக்க வேண்டும். ஹைட்ரோவக் குழியை மேலே நின்றே அளந்துவிடலாம். ஆனால் ஓரடி அகலமும் ஆளுயர ஆழமும் உள்ள குழியை மூடாமல் விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போவதை வேலைத்தளங்களில் காணலாம். குழந்தை ஒன்று விழுந்தால் வெளியே எடுப்பது மிகக் கடினம். பலகையோ இரும்புத் தகடோ போட்டு, அது நகராதபடி பொருத்தி வைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

யார் காசு கொடுப்பது

இத்தனை தெரிந்தும் சோதனைக் குழியைத் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் அறியாமையால் தவிர்ப்பதில்லை, விலைப்போட்டியால் தவிர்க்கிறார்கள். மொத்த விலை சொல்லி வேலை எடுக்கும் இடத்தில், ஹைட்ரோவக் செலவைச் சேர்த்தவர் தோற்கிறார், சேர்க்காதவர் வெல்கிறார், வென்றவர் பிறகு பெக்கோவைக் கோட்டுக்கு மிக அருகே கொண்டுபோகிறார். இதைச் சிறு ஒப்பந்தகாரர்களின் மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. வேலையைக் கொடுப்பவர் விலை கோரும் தமது கேள்விப்பத்திரத்திலேயே சோதனைக் குழிகளைத் தனி வரியாக, குழிக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே தளத்தில் நின்று விலை சொல்வார்கள். வீட்டுக்காரரும் இதைச் செய்யலாம். மூன்று பேரிடம் விலை கேட்கும்போது, குழாயை எப்படி வெளிப்படுத்துவீர்கள், அதன் செலவு இந்த விலைக்குள் அடங்குமா என்று மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். விலை வித்தியாசத்தின் காரணம் அங்கேயே வெளிப்படும்.

நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தோண்டும் பழக்கம் இப்போது வேறு நாடுகளுக்கும் பரவுகிறது. அமெரிக்காவில் 2007 முதல் நாடு முழுவதும் 811 என்ற ஒரே இலக்கம். இந்தியாவில் 2023 மார்ச் 22 அன்று ‘கோல் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கினார்கள். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது இந்திய அரசு சொன்னது. ஒரு துறை போட்ட வீதியை மறு மாதம் இன்னொரு துறை வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொகை வியப்பளிக்காது. செயலி கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவரும். அதற்கடுத்துக் குழாயைக் கண்ணால் கண்டுகொள்ளும் பழக்கமும் அங்கே வேரூன்ற வேண்டும்.

குழியை மூடுமுன்

குழாய் தெரிந்ததும் எல்லோருக்கும் அவசரம். ட்றக்கின் மணி ஓடுகிறது. ஆனால் இவ்வளவு காசு கொடுத்துத் திறந்த குழியில் எடுக்க வேண்டியதை எடுக்காமல் மூடுவதுதான் பெரிய நட்டம். குழாயின் மேல்விளிம்பு நிலமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே, அதன் விட்டம் என்ன, எந்தப் பொருள், எந்தத் திசையில் போகிறது, பக்கத்தில் வேறு எது தெரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கட்டட மூலை, மின்கம்பம் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து தூரம் அளக்க வேண்டும். அளவுகோல் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். ஒரு குழி குழாயை ஓரிடத்தில் மட்டுமே காட்டுகிறது. நீங்கள் வெட்டும் வாய்க்கால், குழாய்க்கு இணையாக நீளமாக ஓடப்போகிறது என்றால், இடைவெளி விட்டுப் பல குழிகள் தேவைப்படும். வால்நட் கிறீக்கில் தவறவிட்ட வளைவு போன்றவை இரண்டு குழிகளுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

மூடும்போது குழாயைச் சுற்றி மணல் இட்டு, அதற்கு மேலே அடுக்கடுக்காக இறுக்கி வர வேண்டும். ஏற்கெனவே இருந்த எச்சரிக்கை நாடா அறுந்திருந்தால் புதியது போட வேண்டும். செப்புக் கம்பி அறுந்திருந்தால் நிறுவனத்துக்குச் சொல்லி இணைப்பிக்க வேண்டும். ரொறன்ரோ வீதிகளில் குழியைச் சுருங்காத நிரப்புக் கலவையால் மூடுவது வழக்கம். வீதி நடுவில் பெரிய சதுரமாக வெட்டாமல், 45 சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டமாகத் தார்த்தளத்தை அறுத்து எடுத்து, கீழே உறிஞ்சு முறையில் தோண்டி வேலை முடித்து, அதே வட்டத்தைத் திரும்ப ஒட்டிவிடும் நுட்பமும் இந்த நகரில் எரிவாயு வேலைகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. வீதி அன்றைக்கே திறக்கும், ஒட்டுப்போட்ட மேடு இருக்காது.

நீங்கள் எடுத்த அளவும் படமும் உங்கள் கோப்பில் மட்டும் இருந்தால் பயன் பாதிதான். லொக்கேற் தாளில் இருந்த கோட்டுக்கும் நீங்கள் கண்ட குழாய்க்கும் வித்தியாசம் இருந்தால், குழாயின் சொந்தக்கார நிறுவனத்துக்கு அந்த அளவுகளை அனுப்பிப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக் காணியானால் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அவர் அதை வீட்டு உறுதியோடும் நில அளவைப் படத்தோடும் சேர்த்து வைக்கட்டும்.